மின்சாரப் பெட்ரோல் டேப் கொதிக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் முறை

மோட்டார் சைக்கிளின் டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை அடைப்பதற்குக் கையால் திருப்பும் டேப் உண்டு. எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால் திறக்கும் டயாஃப்ராம் டேப்பும் உண்டு. இவ்விரண்டும் அல்லாமல், சாவியைத் திருப்பியதும் "டக்" என்ற ஒலியுடன் தானே திறந்து, சாவியை மூடியதும் தானே அடைத்துக்கொள்ளும் மின்சார டேப்பைப் பொருத்திய வண்டிகளும் சில இருக்கின்றன. இத்தாலியின் மந்தெல்லோ தெல் லாரியோவில் உருவாகும் மோட்டோ குட்ஸி வண்டிகளில், 1970-களின் நடுவில் வந்த வி1000 கன்வர்ட் தொடங்கி 1999-இல் வெளிவந்த வி11 ஸ்போர்ட் வரை பல மாடல்களில் இதைப் பார்க்கலாம். நம் ஊரில் இதே இனத்து வால்வுடன் தினமும் பழகுபவர்கள் எல்பிஜி ஆட்டோ ஓட்டுநர்கள். அங்கே எரிவாயுவை அடைக்கும் வேலையைச் செய்வதும் இப்படிப்பட்ட சொலினாய்டுதான், அதாவது மின்காந்தத்தால் இழுத்துத் திறக்கும் வால்வுதான்.

இந்த டேப்பைப் பற்றி எழும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: "கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு." அதையடுத்துச் செய்வதும் பெரும்பாலும் ஒன்றே: புதிய டேப் வாங்கி மாட்டுவது. புதியதும் அதே அளவு சூடாகும். வண்டி நின்ற இடத்திலேயே மறுபடியும் நிற்கும். ஆகவே இங்கே சூட்டைத் தனி நோயாகக் கொள்ளாமல், அதனுடன் சேர்ந்து வேறு எந்த அறிகுறி தென்படுகிறது என்பதை வைத்துக் காரணத்தைத் தேடலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது

டேப்பின் உள்ளே இருப்பவை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிய ஒரு காயில், அதன் நடுவில் நகரும் இரும்புப் பிளஞ்சர், பிளஞ்சரின் நுனியில் உள்ள ரப்பர் அடைப்பு, அந்த அடைப்பை அழுத்தி மூடிவைக்கும் ஸ்பிரிங் ஆகிய நான்கு மட்டுமே. மின்சாரம் பாயும்போது காயில் பிளஞ்சரை இழுத்து வழியைத் திறக்கிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் மூடிவிடுகிறது. வண்டி ஓடும் நேரம் முழுவதும் டேப் திறந்திருக்க வேண்டியிருப்பதால், காயிலில் மின்சாரமும் இடைவிடாமல் பாய்ந்துகொண்டிருக்கும். பிளஞ்சரை நகர்த்தும் வேலை முதல் நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு செலவாகும் மின்சாரம் அனைத்தும் வெப்பமாகவே வெளியேறுகிறது.

கணக்கிட்டுப் பார்க்க, 30 டிகிரி செல்சியஸில் 12 ஓம் தடை காட்டும் ஒரு காயிலை எடுத்துக்கொள்வோம். உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கலாம். கணக்கு முறை மாறாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் இருந்தால், குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 1.2 ஆம்பியர் பாய்ந்து 17 வாட் வெப்பம் உண்டாகும். செம்பின் தடை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 4 சதவீதம் கூடுவதால், காயில் சூடாகச் சூடாக மின்னோட்டம் குறைந்து, வெப்பம் 13 வாட் அளவில் வந்து நிலைகொள்ளும். ரேடியோ மெக்கானிக்கின் மேசையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் தரும் வெப்பத்தில் பாதி அது. எலுமிச்சை அளவுள்ள ஒரு பொருளுக்குள் அடைபட்டிருக்கிறது. தொட்டால் சுடாமல் இருந்தால்தான் வியப்பு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். "பிளஞ்சர் சிக்கிக்கொண்டதால்தான் காயில் கொதிக்கிறது" என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வீட்டு மின்சாரத்தில், அதாவது ஏசியில் இயங்கும் சொலினாய்டுகளுக்கு அது முற்றிலும் உண்மை. பிளஞ்சர் முழுவதும் உள்ளே போகாவிட்டால் மின்னோட்டம் பலமடங்கு கூடிக் காயில் கருகிவிடும். வண்டியின் பேட்டரி தருவது டிசி. டிசி காயிலில் பாயும் நிலையான மின்னோட்டத்தை முடிவு செய்வது கம்பியின் தடையும் மின்னழுத்தமும் மட்டுமே. பிளஞ்சர் எங்கே நிற்கிறது என்பது அதை மாற்றுவதில்லை. சிக்கிய பிளஞ்சர் பெட்ரோலை நிறுத்தும், ஆனால் காயிலைக் கூடுதலாகச் சூடாக்காது.

காயிலின் சூடு பெட்ரோலைக் கொதிக்க வைக்குமோ என்ற அச்சத்தையும் எண்களால் அளந்துவிடலாம். கார்புரேட்டர் வண்டி ஒன்று நெடுஞ்சாலையில் மணிக்கு 5 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்றால், 13 வாட் வெப்பம் முழுவதும் அந்தப் பெட்ரோலுக்கே போய்ச் சேர்ந்தாலும் அதன் வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரிதான் உயரும். உபரிப் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்பும் இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் மணிக்கு 100 லிட்டர் அளவில் சுழற்றினால், உயர்வு அரை டிகிரியைக்கூட எட்டாது. ஆனால் ஐட்லிங்கில் மணிக்கு ஒரு லிட்டர் மட்டுமே ஓடும் கார்புரேட்டர் வண்டியில் இதே கணக்கு 25 டிகிரியைத் தாண்டுகிறது. நடைமுறையில் பெரும் பங்கு காற்றோடு போய்விடும் என்றாலும், சிக்னலில் நெடுநேரம் நிற்கும்போதும், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியைத் திறந்தே வைத்திருக்கும்போதும் மட்டும் இந்தச் சூட்டைப் பொருட்படுத்த வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

தொடங்கும் முன்

காயிலின் 100 டிகிரிச் சூடு பெட்ரோலைத் தானாகப் பற்றவைக்காது. அதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் பெட்ரோல் ஆவி −40 டிகிரி அளவிலேயே பொறியால் தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே ஆபத்து சூட்டில் இல்லை, பொறியில் இருக்கிறது. மின்சாரம் பாயும் காயிலின் கனெக்டரைப் பிடுங்கினால் நிச்சயம் பொறி எழும். டேப்பைச் சுற்றி ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால், முதலில் சாவியை மூடுங்கள், பிறகு பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள், கனெக்டரைத் தொடுவது அதன் பிறகுதான். வேலை நடக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். அருகில் ஊதுபத்திகூட எரியக் கூடாது.

கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. தசம ஓம் காட்டும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கனெக்டரின் பின்புறத்தில் நுழைக்க இரண்டு மெல்லிய ஊசிகள், அளவுக் குறியிட்ட ஒரு ஜாடி, வண்டியின் வயரிங் வரைபடம் ஆகியவை போதும். வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது டேப்புக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே. சில வண்டிகளில் இக்னிஷன் சுவிட்ச் நேராகத் தருகிறது. சாவி திறந்திருக்கும் வரை காயில் சூடாகிக்கொண்டே இருக்கும். வேறு சிலவற்றில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் மின்சார சுவிட்சான ரிலேயே டேப்புக்கும் தருகிறது. அங்கே சாவியைத் திருப்பினால் சில நொடிகள் மட்டும் மின்சாரம் வந்து, எஞ்சின் சுழலாவிட்டால் நின்றுவிடும். இந்த வேறுபாட்டை அறியாமல் சோதித்து, "டேப்புக்கு மின்சாரமே வரவில்லை" என்று முடிவு கட்டுவது வழக்கமாக நடக்கும் பிழை.

தொட முடியாத சூடு, ஆனால் வண்டி ஒழுங்காக ஓடுகிறது

பத்தில் ஒன்பது முறை இது கோளாறே அல்ல. மனிதக் கை சுமார் 60 டிகிரியிலேயே பின்வாங்கிவிடும். காயிலின் காப்புப் பூச்சுகள் அதைவிட எவ்வளவோ கூடுதலான சூட்டுக்குச் செய்யப்பட்டவை. பி வகைக் காப்பு 130 டிகிரி வரையிலும், எஃப் வகை 155 டிகிரி வரையிலும், எச் வகை 180 டிகிரி வரையிலும் தாங்கும். ஆகவே கை சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், காயிலையே வெப்பமானியாகப் பயன்படுத்துங்கள்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் கனெக்டரைக் கழற்றிக் காயிலின் தடையை அளந்து, அப்போதைய அறை வெப்பத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் சிறிய தடையைக் கழித்துவிட வேண்டும். பிறகு வண்டியை அரை மணி நேரம் ஓட்டி வந்து, நிறுத்திச் சாவியை மூடிய ஒரு நிமிடத்துக்குள் மறுபடியும் அளக்க வேண்டும். சூடான தடையைக் குளிர்ந்த தடையால் வகுத்து, வந்த எண்ணை அறை வெப்பத்துடன் 234.5-ஐக் கூட்டிய தொகையால் பெருக்கி, அதிலிருந்து 234.5-ஐக் கழித்தால் கிடைப்பது காயில் கம்பியின் சராசரி வெப்பநிலை. 30 டிகிரியில் 12 ஓமாக இருந்தது சூட்டில் 15 ஓம் காட்டினால், விடை 96 டிகிரி. இது கையைச் சுடும். ஆனால் மேலே சொன்ன எந்த வகைக் காப்பையும் உருக்காது.

விடை 130 டிகிரிக்கு அருகில் வந்தால் மட்டும் மேலே தேடுங்கள். அந்தச் சூடு முழுவதும் காயிலுடையதுதானா, அல்லது அடியில் இருக்கும் சிலிண்டர் தலையிலிருந்து ஏறியதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு மேலே, டேங்கின் மறைவில் தொங்கும் டேப்புக்கு இந்த ஐயம் நியாயமானது. எஞ்சினை இயக்காமல், பேட்டரிக்குச் சார்ஜரை இணைத்து, டேப்பில் மட்டும் அரை மணி நேரம் மின்சாரம் பாய விட்டு, அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். இப்போது வரும் வெப்பநிலை மிகவும் குறைவாக இருந்தால், தேவைப்படுவது புதிய டேப் அல்ல. எஞ்சினுக்கும் டேப்புக்கும் இடையே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு.

சூட்டுடன் பேட்டரி நீரும் வற்றுகிறது, பல்புகளும் அடிக்கடி போகின்றன

டேப் இங்கே குற்றவாளி அல்ல, சாட்சி. எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுழற்சிக்கு ஏற்றி, பேட்டரியின் இரு முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நன்று, 14.8-ஐத் தாண்டினால், சார்ஜ் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பக்கம் திரும்புங்கள். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 14.2 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 15.5 வந்தாலே காயிலில் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 19 சதவீதம் உயர்ந்துவிடும்.

ரெகுலேட்டரை மாற்றுவதற்கு முன், அதன் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே, எஞ்சின் ஓடும்போதே, வோல்ட்டில் அளந்து பாருங்கள். அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துருவோ பெயிண்டோ இருக்கிறது; ரெகுலேட்டர் உண்மையைவிடக் குறைந்த மின்னழுத்தத்தையே பார்த்துக்கொண்டு, கூடுதலாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சில வண்டிகளில் பேட்டரி நிலையை அறியும் உணர் கம்பி நேராகப் பேட்டரிக்குப் போகாமல் ஹெட்லைட் சுற்றில் இணைந்திருக்கும். அந்தச் சுற்றின் ரிலேத் தொடுமுனை கருகி அங்கே ஒரு வோல்ட் இழப்பு ஏற்பட்டால், ரெகுலேட்டர் அந்த ஒரு வோல்ட்டையும் ஈடுகட்டுவதாக எண்ணிப் பேட்டரிக்கு 15 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். விலை குறைந்த ஒரு ரிலேயை மாற்றினால் டேப், பேட்டரி, பல்பு மூன்றும் ஒருசேரத் தப்பிக்கும்.

நன்றாக ஓடிய வண்டி அரை மணி நேரத்தில் நிற்கிறது, ஆறிய பின் கிளம்புகிறது

இந்த அறிகுறியில்தான் மிக அதிகமான டேப்புகள் காரணமின்றித் தூக்கி எறியப்படுகின்றன. நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஓட்டுபவருக்கு ஒரே மாதிரி தெரிகின்றன; அவற்றைப் பிரித்தறியும் வாய்ப்பு வண்டி நின்ற முதல் இரண்டு நிமிடங்களில் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே சாலையோரத்தில் செய்ய வேண்டியவற்றை வரிசை மாறாமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி நின்றதும் முதலில் டேங்கின் மூடியைத் திறந்து காது கொடுங்கள். காற்று "உஸ்" என்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு வண்டி உடனே கிளம்பினால், டேப்பை மறந்துவிடலாம். டேங்கின் காற்றுவழி அடைபட்டோ, அதில் உள்ள ஒருவழி வால்வு தலைகீழாகப் பொருத்தப்பட்டோ இருக்கிறது. பெட்ரோல் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று வராததால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது. என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு அதற்கு முன்பே இரண்டு டேப்புகள் மாற்றப்பட்டிருந்தன. கடைசியில் குற்றவாளி சேறு அடைந்த ஒரு காற்றுக் குழாய். டேப் சூடாக இருந்ததால் யாருடைய கவனமும் அதற்கு அப்பால் போகவில்லை.

உஸ் ஒலி எழவில்லையென்றால், சாவியை மூடித் திறந்து, டேப்பின் உடலில் விரல் நுனியை வைத்து "டக்" அசைவு இருக்கிறதா என்று உணருங்கள். சுட்டால் ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை டேப்பிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேட்கலாம். அசைவு இல்லையெனில், கனெக்டரைக் கழற்றாமலேயே பின்புறம் ஊசி நுழைத்து மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்னழுத்தம் சரியாக வந்தும் அசைவு இல்லாவிட்டால், சாவியை மூடிக் காயிலின் தடையை அளங்கள். மீட்டர் முடிவிலியைக் காட்டி, ஆறிய பின் பழையபடி 12 ஓம் காட்டினால், காயிலுக்குள் கம்பி அறுந்து, சூட்டில் விரியும்போது விலகுகிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் டேப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தடையும் சரியாக இருந்து, அசைவு மட்டும் இல்லாத நிலை நுட்பமானது. காயிலின் இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குளிர்ந்த 12 ஓம் காயிலுக்கு 12.6 வோல்ட் கிடைத்தபோது 1.05 ஆம்பியர் பாய்ந்தது. இப்போது காயில் 15 ஓமாகச் சூடேறியிருக்க, களைத்த பேட்டரியும் கருகிய தொடுமுனைகளும் சேர்ந்து 11.8 வோல்ட் மட்டுமே தந்தால், 0.79 ஆம்பியர்தான் பாயும். இழுவிசை முன்பிருந்ததில் 56 சதவீதமாகக் குறைந்துவிடும். ஏற்கெனவே இழுபட்ட பிளஞ்சரைப் பிடித்து வைக்க அது போதும். தொலைவில் நிற்கும் பிளஞ்சரைப் புதிதாக இழுக்கப் போதாமல் போகலாம். ஆகவேதான் சிலர், "ஓடும்போது ஒருநாளும் நின்றதில்லை, டீ குடிக்க நிறுத்தினால்தான் திரும்பக் கிளம்புவதில்லை" என்று சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் எந்த மீட்டரையும்விடத் தெளிவாகக் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இதற்கு மருந்து மின்னழுத்த இழப்பைக் குறைப்பது: மின்சாரம் பாயும் நிலையில் பேட்டரியின் நேர்முனைக்கும் காயிலின் நேர்முனைக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேலும், காயிலின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக் கூடாது. கூடுதலாக இருந்தால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ் பிடிப்பு என்று ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போய், இழப்பு நிகழும் இடத்தைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

"டக்" ஒலி தெளிவாகக் கேட்டும் வண்டி கிளம்பவில்லையென்றால், ஆவிப்பூட்டு, அதாவது பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகள் வழியை அடைப்பது, ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் திரவம் அல்ல; அதன் இலேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். பம்ப் டேங்குக்கு வெளியே, டேப்புக்குக் கீழே அமைந்த இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்தத் தொல்லை கூடுதல். தொடக்க கால வி11 இந்த அமைப்புக் கொண்டதே. பம்ப் இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் தாழ்ந்திருப்பதால் பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதிக்கும். டேப்பின் சல்லடை பாதி அடைபட்டிருந்தால் அழுத்தம் மேலும் தாழும். குமிழிகளை இழுக்கும் பம்ப் வழக்கமான சீரான ஓசையை விட்டுக் கரகரக்கும். டேப், பம்ப், குழாய்கள் ஆகியவற்றின் மேல் ஈரத் துணியைப் போட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் நோய் இதுதான். அப்போதும் காயிலைச் சந்தேகிக்கும் முன், சல்லடையைச் சுத்தம் செய்து, எஞ்சினை ஒட்டிச் செல்லும் குழாய்களுக்கு வெப்பக் காப்புறை போட்டுப் பாருங்கள். மேலே கண்ட கணக்கின்படி, ஓடும் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும் வலு அந்த 13 வாட்டுக்கு இல்லை.

ஒலி கேட்கிறது, பெட்ரோல் வரவில்லை

குழாயைக் கழற்றி ஜாடிக்குள் விட்டு, டேப்புக்கு மின்சாரம் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். மின்சாரம் கொடுக்கும் இணைப்பை ஜாடிக்கு அருகில் வைக்காமல், பேட்டரியின் பக்கமே வைத்துக்கொள்வது நல்லது. தொடர்ச்சியான தாரை வராமல் சொட்டு மட்டும் விழுந்தால், சல்லடையில் துருவோ பிசினோ இருக்கிறது, அல்லது பிளஞ்சர் பாதி வழியில் நிற்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றிப் பழுப்பு நிறப் பிசினாகப் பிளஞ்சரில் படியும். கார்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தில் கழுவினால் கரையும். ரப்பர் அடைப்பு உப்பியிருந்தால் கழுவிப் பயனில்லை. இந்தியாவில் இப்போது விற்கப்படும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமாறு பழைய வண்டிகளின் ரப்பர்கள் செய்யப்படவில்லை என்பதால், 1990-களின் இறக்குமதி வண்டிகளில் இதை முதலிலேயே எதிர்பார்க்கலாம்.

ஃப்யூஸ் போகிறது

காயிலின் உள்ளே சில சுற்றுகளின் காப்பு உரிந்து ஒன்றையொன்று தொட்டால் தடை குறைந்து, மின்னோட்டமும் சூடும் கூடும். கூடிய சூடு இன்னும் சில சுற்றுகளை உரிக்கும். குளிர்ந்த நிலையில் 12 ஓம் காட்ட வேண்டியது 8 ஓம் காட்டினால் காயில் இந்தப் பாதையில் இறங்கிவிட்டது. ஆயினும் அப்போதும் அது இழுப்பது இரண்டு ஆம்பியருக்குள்தான். பம்பையும் இன்ஜெக்டரையும் சேர்த்துக் காக்கும் 15 ஆம்பியர் ஃப்யூஸ் அதற்காகப் போகாது. ஆகவே ஃப்யூஸ் உண்மையிலேயே போகிறதென்றால், டேங்கை வைக்கும்போது அடியில் நசுங்கிய கம்பியைத் தேடுங்கள். டேப்பை மாற்றிய உடனே ஃப்யூஸ் போகத் தொடங்கினால், புதிய டேப்பில், ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு உள்ளமைந்து இருக்கிறதா என்று பாருங்கள்; அப்படிப்பட்ட காயிலுக்கு நேர், எதிர் முனைகளை மாற்றிக் கொடுத்தால் டயோடு நேரடிக் குறுக்குவழியாகிவிடும். பொது ஃப்யூஸ் காயிலைக் காப்பதில்லை என்பதால், டேப்பின் கம்பியில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைத் தனியாகப் போடுவது என் வழக்கம்.

காயிலைவிடக் கனெக்டர் கருத்திருக்கிறது

வண்டி ஈரத்திலும் உப்புக் காற்றிலும் நின்றிருந்தால் கனெக்டரின் முள் பச்சை பூத்து, அங்கே ஒரு ஓம் அளவுக்குத் தடை உண்டாகலாம். ஒரு ஆம்பியர் பாயும்போது அது ஒரு வாட் வெப்பம். எண் சிறியது, ஆனால் அரிசி அளவுள்ள ஒரு தொடுமுனையில் அது பிளாஸ்டிக்கைப் பழுக்க வைத்துவிடும். முரண் என்னவென்றால், இந்த நிலையில் காயில் வழக்கத்தைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். முள்ளைச் சுரண்டுவதோடு நிறுத்தாமல், கம்பியைப் புது முள்ளில் அழுத்திப் பொருத்துங்கள்.

சாவி மூடியிருக்கும்போதும் டேப் சூடாக இருக்கிறது

இதில் தாமதம் கூடாது. ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டதால் டேப்புக்கு இடைவிடாமல் மின்சாரம் போகிறது. ஒரு ஆம்பியர் வீதம் பத்து மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணி தீர்ந்து, காலையில் ஸ்டார்ட்டர் முனகும். பேட்டரி சாவதைவிடப் பெரிய கவலை, டேப் இரவெல்லாம் திறந்திருப்பது. கார்புரேட்டரின் மிதவை ஊசியோ இன்ஜெக்டரோ சற்றே கசிந்தாலும் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கும். அப்படி நிரம்பிய சிலிண்டரை ஸ்டார்ட்டரால் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். எஞ்சின் ஆயிலின் அளவுக் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய நிலையில் எஞ்சினைச் சுழற்றிய பிறகே கிளப்ப வேண்டும். மின்சாரம் நின்று காயில் குளிர்ந்தும் டேப் கசிகிறது என்றால், அடைப்பின் இருக்கையில் துகள் சிக்கியிருக்கிறது. அதற்கும் இதே முன்னெச்சரிக்கை பொருந்தும்.

மாற்று வழி தேடுபவர்களுக்கு

கோளாறு எதுவும் இல்லாமல், சூடு மட்டும் மனத்தை உறுத்துபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதல் அரை நொடி முழு மின்னழுத்தத்தைக் கொடுத்து, பிறகு பிடித்து வைக்கத் தேவையான அளவுக்குக் குறைக்கும் சிறிய மின்னணுச் சுற்று. 12 வோல்ட்டை 6 ஆகக் குறைத்தால் வெப்பம் கால் பங்காகிவிடும். ஆனால் உங்கள் டேப் எந்த மின்னழுத்தம் வரை பிடித்திருக்கிறது என்பதை மேசையில் சோதித்து, அதைவிட ஒரு வோல்ட்டாவது கூடுதலாக வைக்க வேண்டும். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது பிளஞ்சர் நழுவக் கூடாது. வெறும் ஒரு தடையைத் தொடராக இணைக்கும் மலிவான முறையை நான் ஏற்பதில்லை. இழுக்கும் கணத்திலும் அது மின்னோட்டத்தைக் குறைத்து, சூட்டில் திறக்காத டேப் என்ற நோயை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

மற்றொன்று, மின்சார டேப்பைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்பும் டேப்பை வைப்பது. மோட்டோ குட்ஸி உரிமையாளர்கள் பலர் இதைச் செய்திருக்கிறார்கள். எளிய, நீடித்த தீர்வு. ஆனால் மூட மறந்தால் மேலே சொன்ன கசிவு. திறக்க மறந்தால் பம்ப் வறண்டு ஓடும். இந்த பம்புகளைக் குளிர்விப்பதும் மசகிடுவதும் அவற்றினூடே ஓடும் பெட்ரோலே. கழற்றிய கனெக்டரை வெறுமனே தொங்க விடாமல், நீர் புகாத மூடியிட்டுக் கட்டிவையுங்கள். டேப்பின் எர்த் வழியாக வேறு எந்தக் கருவியாவது எர்த் எடுக்கிறதா என்பதையும் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், டேங்கைத் திரும்ப வைத்த பிறகு சாவியைத் திறந்து பத்து நிமிடம் டேப்பின் அடியில் உலர்ந்த காகிதத்தை வைத்துப் பாருங்கள். காகிதத்தில் ஈரம் படியாவிட்டால், குளிர்ந்த தடை, சூடான தடை, 4,000 சுழற்சியில் பேட்டரியின் மின்னழுத்தம், ஜாடியில் ஒரு நிமிடத்தில் விழுந்த பெட்ரோலின் அளவு ஆகிய நான்கு எண்களையும் தேதியுடன் ஒரு தாளில் எழுதி, சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.